மணிக்குப் போட்ட கேக்

முத்தியால்பேட்டை,
பொங்கல் கழிந்த வாரம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பேத்தி நடக்கிறாள் என்றதும் கமலாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாசியில் கடலூர் வருகிறோம்.

பதில் தாமதமானதற்கு எங்கள் நாய் மணிதான் காரணம். கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டு அக்கா விவிகம் கேக் கொடுத்தனுப்பினார். ரவை, வெண்ணெய், ரம்மில் ஊறிய காய்ந்த திராட்சை எல்லாம் போட்டுச் செய்வார்களே, நீயும் சாப்பிட்டிருக்கிறாய். மணி காலடியில் உட்கார்ந்து பார்த்த பார்வை தாங்காமல் இரண்டு துண்டு பிட்டுப் போட்டேன்.

மருமகள் பார்த்துவிட்டுப் பதறினாள். "மாமா, திராட்சை நாய்க்கு ஆகவே ஆகாது!" ஆட்டோ பிடித்து, குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். இரண்டு நாள் டிரிப்ஸ். சிறுநீரகம் கெட்டுவிட்டதா என்று ரத்தப் பரிசோதனை. அந்த இரண்டு ராத்திரியும் எனக்குத் தூக்கமில்லை, செல்வம். நம்பிக் கையை நக்கும் ஜீவனுக்கு என் கையாலேயே விஷத்தைக் கொடுத்துவிட்டேனே என்று உள்ளே அறுத்துக்கொண்டே இருந்தது. இப்போது நன்றாக இருக்கிறான்.

திராட்சையில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று அளவே கிடையாதாம். ஒரு நாய் கைப்பிடி தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், இன்னொன்றுக்குச் சில பழங்களிலேயே சிறுநீரகம் நின்றுபோகும். சாக்லேட்டும் நாய்க்கு ஆகாது, அதில் தியோபுரோமின் என்று ஒன்று இருக்கிறது. நம் உடம்பு அதைச் சீக்கிரம் கழித்துவிடும், நாயின் உடம்பில் மணிக்கணக்காகத் தங்கி இதயத்தைப் படபடக்க வைக்கும். கறுப்பு சாக்லேட்தான் ரொம்ப மோசம்.

உன் வீட்டில் இன்னொன்றும் பார். உனக்குச் சர்க்கரை என்று சர்க்கரை சேர்க்காத பிஸ்கட் வாங்குவாயே, அட்டையில் சைலிடால் என்று இருக்கிறதா? சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புக்குச் சேர்ப்பது அது. நாய்க்கு அது உள்ளே போனால் இன்சுலின் கொட்டி, அரை மணி நேரத்திலேயே சர்க்கரை இறங்கிவிடலாம். கல்லீரலும் கெடலாம்.

நீ காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை நாய்களுக்குப் பேக்கரியில் மிஞ்சிய கேக்கும் பன்னும் போடுவதாக எழுதியிருந்தாய். அதை விடச் சொல்ல எனக்கு மனசில்லை, அவை உனக்காகக் காத்திருக்கும். ஆனால் கேக்கை நிறுத்திவிடு. பன்னில் டூட்டி ஃப்ரூட்டியோடு திராட்சையும் இருக்கும், பிட்டுப் பார். பழையபடி பொறை பிஸ்கட் வாங்கு. அதுவும் வெறும் மாவுதான், வயிற்றுக்குச் சோறும் முட்டையும்தான் நல்லது, ஆனாலும் ஒன்றிரண்டு தின்றால் கெடுதல் இல்லை. எந்த நாயாவது தின்னக்கூடாததைத் தின்றுவிட்டால், வாந்திக்கென்று உப்புத் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதே, உப்பே ஆபத்து. நேரே டாக்டரிடம் போ.

மணிக்கு அடுத்த வாரம் இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. முடிந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
ராஜு