செயலாளர் ஆண்டறிக்கை: லினோவா, ரப்பர் ஷீட்டா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு வழக்கம்போல் கூடியது. வழக்கம்போல் தாமதமாகவே கூடியது. இந்த ஆண்டு நம் அச்சோவியச் சங்கத்தில் நடந்த சண்டையெல்லாம் ஒன்றைச் சுற்றித்தான்: படத்தைச் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சடிப்பதற்கு லினோவா, ரப்பர் ஷீட்டா?

கோடை வகுப்புக்கு எடுத்த லினோ, அலமாரியில் கிடந்து இறுகிப்போயிருந்தது. ஆளி விதை எண்ணெயைக் காற்றில் கெட்டியாக்கி, கார்க் தூள், மரத்தூள், பிசின் சேர்த்துச் சணல் துணியின்மேல் பரப்பினால் அதுதான் லினோ. 1860-களில் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் வால்டன் தரையில் விரிப்பதற்காகச் செய்த பொருள். செதுக்குபவர்கள் பிறகுதான் வந்தார்கள். வயதாக ஆக அது முரடாகும். மொட்டைமாடி வெயிலில் காட்டினால் இளகும். கீழே கொண்டுவந்து நாலு கோடு போடுவதற்குள் பழைய குணம் திரும்பிவிடும். முதல் வாரமே இரண்டு பிள்ளைகளுக்கு உளி வழுக்கி விரலில் பட்டது. அடுத்த வாரம் ரப்பர் ஷீட் வாங்கினோம்.

பெயர்தான் ரப்பர், பலவற்றில் இருப்பது பிவிசி பிளாஸ்டிக். பென்சில் அழிக்கும் ரப்பருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லினோவில் சீவல் பொடிப்பொடியாக உதிரும். இதில் வி (V) வடிவ முனையுள்ள உளியை மெல்லத் தள்ளினாலே இடியாப்பம்போல் நீளமாகச் சுருண்டு வருகிறது. இரு பக்கமும் செதுக்கலாம். படத்தை ஏற்றுவதும் எளிது: தாளில் பென்சிலால் அழுத்தி வரைந்து, ஷீட்டின்மேல் கவிழ்த்து, நகத்தால் தேய்த்தால் கோடுகள் அப்படியே ஒட்டிக்கொள்கின்றன. படமும் தானாகவே இடவலம் மாறிவிடும். பொங்கல் வாழ்த்தை நேர் எழுத்தில் செதுக்கிவிட்டு, கண்ணாடி முன் நின்று படிக்க வேண்டிய அட்டைகளை அச்சடித்த உறுப்பினருக்கு (அவர் இந்த அறிக்கையை எழுதியவர்) இது பெரிய ஆறுதல்.

நம் மூத்த உறுப்பினர் மட்டும் இறங்கி வரவில்லை. “வெண்ணெயை வெட்டுவதற்கு உளி எதற்கு? கரண்டி போதுமே” என்றார். வங்க ஓவியர் நந்தலால் போஸ் 1930-இல் கோலூன்றி நடக்கும் காந்தியைக் கறுப்பு வெள்ளையில் தந்தது லினோவில்தான் என்று பிரதி எடுத்துவந்து காட்டினார். அத்துடன் விடவில்லை. ரப்பர் ஷீட்டில் ஒரு வட்டம் செதுக்கி நம் அச்சு எந்திரத்தில் கொடுத்தார். வெளியே வந்தது முட்டை. அழுத்தத்தில் ஷீட் நீள்கிறது, கோடு தடிக்கிறது. இரண்டு வண்ணம் அடித்தால் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. அதே ஷீட்டின்மேல் தாளை வைத்து, எந்திரம் இல்லாமல் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தபோது வட்டம் வட்டமாகவே வந்தது என்பதையும் பதிவு செய்கிறேன். அதை அவர் கையில் எடுத்துப் பார்த்தார்; எதுவும் சொல்லவில்லை.

அனுபவத்தில் கற்றவை சில. புது ஷீட்டில் வழவழப்பு இருப்பதால் தண்ணீர் மை முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். கோட்டின் அடிப்பகுதியைக் குடைந்துவிடக் கூடாது. அணைக்கட்டுக் கரைபோல் அடி அகன்று சரிவாக இருந்தால்தான் மை தடவும் ரோலர் ஓடும்போது மெல்லிய கோடு சாயாது. எண்ணெய் மையைத் துடைக்கத் தின்னர் வேண்டாம். நான் துடைத்தேன், ஷீட் பிசுபிசுத்துப்போய் இன்றுவரை தூசி பிடிக்கிறது. சமையல் எண்ணெயும் சோப்பும் போதும்.

ஆகவே செயற்குழு முன்வைக்கும் தீர்மானம்: தொடக்க வகுப்புக்கும் கையால் தேய்க்கும் வாழ்த்து அட்டைகளுக்கும் ரப்பர் ஷீட், எந்திரத்துக்கும் பல வண்ண வேலைக்கும் லினோ, அதுவும் தேவைக்கு மட்டும் புதிதாக வாங்குவது. மூத்த உறுப்பினர் இதை வழிமொழிய ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் பாதி வாசிக்கப்படும்போது வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவாராம்.

கடைசியாக ஒன்று. கோடையில் செதுக்கிய ஷீட்டுகளை இடையில் தாள் வைக்காமல் பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி வைத்துவிட்டோம். அடியிலிருந்த இரண்டு ஒன்றோடொன்றும் டப்பாவோடும் ஒட்டிக்கொண்டன. டப்பா மேசைமேல் இருக்கிறது. பிரிக்கத் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

செயலாளர்