குறத்தியின் கையில் தேவமோகினியின் கை

அன்புள்ள ஜெயா,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். உன் வீட்டிலும் அப்படியே என்று நம்புகிறேன். ஏழு மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. நீ போட்ட இரண்டு கடிதமும் என் பைபிளுக்குள்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏசாயாவைத் திறக்கும்போது உன் கையெழுத்து கண்ணில் படும், மனசு குத்தும், அப்புறம் எழுதலாம் என்று மூடிவிடுவேன். என்னை மன்னித்துக்கொள். என் வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேரனுக்குப் பெயர் வைத்தாயிற்றா? உன் மாமியார் பெயரில் பாதியாவது சேர்த்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாளாக எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. போனில் சொல்லிப் பார்த்தால் பாதியில் தொண்டை அடைக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் நம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. சபை விருந்தான அசனத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் நிகழ்ச்சி. வருஷா வருஷம் கீபோர்டில் ஏதாவது ஒரு தாளத்தைப் போட்டுவிட்டு, பாட்டை ஓடவிட்டு, பிள்ளைகள் கையைக் காலை ஆட்டுவார்கள். நான் நம் சபைப் போதகர் ஐயரிடம் போய், இந்த வருஷம் வேதநாயகம் சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியிலிருந்து ஒரு பகுதியைப் பழக்குகிறேன் என்றேன், குறத்தி குறி சொல்லும் அந்த நாட்டிய நாடகம்தான். அவர் சின்ன வயசுக்காரர். அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது, ஆனால் படித்ததில்லை என்றார். நம் காலத்தில் பெரிய டீச்சர் நம்மை எப்படி வாட்டி எடுத்தார்! தாளம் தப்பினால் அந்தப் பிரம்பு. நீ குறத்தியின் புருஷன் சிங்கனாக மீசை வைத்துக்கொண்டு வந்த அந்த ராத்திரியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. உன் மீசை எங்கே போய் ஒட்டியது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது ஞாயிறு ஆராதனையில் கீர்த்தனை என்றால் ஒரே ஒரு பாட்டு. அதிலும் பல்லவி, ஒரு சரணம், முடிந்தது. மூன்றாம் சரணத்தில்தான் பாட்டின் உயிரே இருக்கும், அங்கே போவதே இல்லை. ராகம் என்ன என்று புத்தகத்தில் பாட்டின் தலைமாட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆர்மோனியம் தாத்தா அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் கட்டையில் விரலை வைப்பார். இன்றைக்கு அந்த வரியை யாரும் வாசிப்பதில்லை. எல்லாப் பாட்டும் ஒரே சந்தத்தில் ஓடுகிறது. இதைப் பற்றி நான் உன்னிடம் முப்பது வருஷமாகப் புலம்புகிறேன், தெரியும். ஆனால் இந்தத் தடவை புலம்பல் வேறு திசைக்குப் போய்விட்டது.

ஒத்திகைக்காக சாஸ்திரியாரைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். நாம் அவரைத் தஞ்சாவூர்க்காரர் என்று விட்டுவிடுகிறோம், அவர் நம் திருநெல்வேலியில் 1774-இல் பிறந்தவர். 12 வயதில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே பிற்கால ராஜா சரபோஜியும் இவரும் ஒரே குருவிடம் படித்த பிள்ளைகள். 1800-இல், 26 வயசில் குறவஞ்சியைப் பாடி முடித்துவிட்டார். குற்றாலக் குறவஞ்சி பாடப்பட்ட மண்ணிலிருந்து போனவர் அதே கட்டுமானத்தை எடுத்துக்கொண்டு, சீயோன் மகள் தேவமோகினியைத் தலைவியாக்கி, கிறிஸ்துவைத் தலைவனாக்கினார். கோப்பர்நிக்கஸ் கண்ட சூரிய மண்டலமும் அதற்குள் வருகிறது. 1800-இல், ஜெயா! பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதைச் சிந்துப் பாட்டில் பாடி ஊர் ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இறையியல், வானசாஸ்திரம், நாட்டியம் எல்லாம் ஒரே கூடையில். இன்றைக்கு நம் சபைகளில் இவை தனித்தனிப் பெட்டிகளில் பூட்டிக் கிடக்கின்றன.

பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். குறத்திக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தேன். கீழத்தெரு, ஒன்பதாம் வகுப்பு, கணீரென்று குரல். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று எட்டு நடந்தாள் பார், நான் அப்படியே நின்றுவிட்டேன். யாரும் சொல்லிக் கொடுக்காத நடை. அவளுக்குக் கதையைச் சொன்னேன். தலைவி ஏங்கிக் கிடக்கிறாள், அரண்மனை முழுக்கத் தோழிகள் இருக்கிறார்கள், யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தெருவழியே குறத்தி வருகிறாள். விசுவாசம்தான் குறத்தி. அவள் தலைவியின் கையைப் பிடித்து ரேகை பார்த்து, உன் ஆண்டவர் வருவார் என்று குறி சொல்கிறாள்.

அந்தப் பிள்ளை கேட்டாள்: “டீச்சர், அரண்மனைக்காரங்க குறத்தியை எப்படி உள்ளே விட்டாங்க?”

குறவஞ்சியில் எப்போதும் அப்படித்தான் என்று சொன்னேன். அவள் விடவில்லை. “எங்க தாத்தாவைக் கொட்டோட கோயிலுக்குள்ள விட மாட்டாங்களே.”

நான் பதில் சொல்லாமல் ஒத்திகையைத் தொடர்ந்தேன். அது தப்பு. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். அப்போதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது.

1820-களில் தஞ்சாவூருக்குப் புது மிஷனரிகள் வந்தார்கள் அல்லவா, அவர்களோடு சாஸ்திரியாருக்குப் பெரிய சண்டை. அவர்கள் செய்த கொடுமைகள் என்று நான்கைச் சொல்கிறார். வேதப் புத்தகத்தின் பழைய மொழிபெயர்ப்பைத் தேவையில்லாமல் மாற்றுவது ஒன்று. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பூ வைக்கக் கூடாது என்பது ஒன்று. கோயிலில் தமிழ்க் கீர்த்தனை பாடக் கூடாது என்பது ஒன்று. இந்த மூன்றையும் படித்தபோது, ஐயா, நானும் உங்கள் கட்சி என்று எழுந்து நின்று சொல்லலாம் போல இருந்தது. நான்காவது, சாதிகளைக் கட்டாயமாக ஒன்றாகக் கலப்பது. கோயிலில் சேர்ந்து உட்காருவதும், நற்கருணை இராப்போஜனத்தில் ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணுவதும்.

அதுவும் அவருக்குக் கொடுமை. பூவும் பாட்டும் பாத்திரமும் ஒரே பட்டியலில்.

இந்தச் சண்டையில் மிஷன் அவரை வேலையை விட்டு நீக்கியது, சரபோஜி ஆதரித்தார். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை இனி வைக்கவே கூடாது என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் எத்தனை குடும்பங்கள் கோபித்துக்கொண்டு போயின! கீர்த்தனையைத் தடுத்தவர்களும் வெள்ளைக்காரர்கள், சாதியைத் தடுத்தவர்களும் அவர்களே. பிறகு 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்டு வெப் என்பவர், தடுக்கப்பட்ட அதே பாட்டுகளைத் தொகுத்து அச்சுப் போட்டார். இன்றைக்கு நம் கையில் இருக்கும் கீர்த்தனைப் புத்தகம் அந்த வழியாக வந்ததுதான்.

ஜெயா, எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. உனக்கும் வரும். நம் சின்ன வயசில் நற்கருணைக்கு எல்லாரும் வரிசையில் போவார்கள். கீழத்தெருப் பெண்கள் சேலை முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசியில் போவார்கள். யாரும் அவர்களிடம் கடைசியில் வா என்று சொல்லி நான் கேட்டதில்லை. நாம் அதைக் கண்ணால் பார்த்தோம், ஒரு நாளும் பேசினதில்லை. பெரிய டீச்சர் பேசினதில்லை. என் அப்பா பேசினதில்லை. அதே வாயால் நாம் மூன்று காலத்திலும் கீர்த்தனை பாடினோம்.

நீ மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த நாட்களில் எனக்கு ஒரு கேசட் அனுப்பினாயே, பரட்டை அண்ணன், அதாவது உங்கள் தியாபிலஸ் அப்பாவுவின் பாடல்கள். நான் அப்போது உனக்கு என்ன எழுதினேன் தெரியுமா? இது சந்தைப் பாட்டு, கோயில் பாட்டில்லை என்று. நீ கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் கிறிஸ்மஸ் அட்டைகூடப் போடவில்லை. அந்தக் கேசட்டைப் போன வாரம் தேடி எடுத்தேன். ஓட்ட இயந்திரம் இல்லை. எதிர்வீட்டுப் பையன் எங்கேயோ கொண்டுபோய்ப் போனில் ஏற்றிக் கொடுத்தான்.

தியாபிலஸ் அப்பாவு சொன்னது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. கர்நாடக சங்கீதத்தைக் கோயிலுக்குள் கொண்டுவந்தபோது அதோடு சேர்ந்து யார் பாடலாம், யார் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்பதும் வந்தது என்பார் அவர். நாட்டுப்புறப் பாட்டு அப்படியில்லை. அதை யாரும் எடுத்து, தன் பாட்டுக்கு ஒரு வரி சேர்த்து, ஒரு வரி மாற்றிப் பாடலாம். பாடுகிறவர்களுக்கே பாட்டு சொந்தம். ஆண்டவரை ‘பெத்தவரே’ என்று கூப்பிடலாம், அதில் அப்பாவும் உண்டு, அம்மாவும் உண்டு. ஒரே உலையில் கஞ்சி காய்ச்சி எல்லாரும் குடிப்பதுதான் நற்கருணை என்று அவர் சொன்னதை நீ எழுதியிருந்தாய். நம் அசனத்தை நினைத்துக்கொண்டேன். இத்தனை அண்டா சோறு, ஒரே குழம்பு, ஊர் முழுக்க ஒரே வாழை இலை. அசனத்தில் முடிகிறது, பாத்திரத்தில் முடியாமல் போனதே.

அப்பாவு அண்ணனிடம் இப்போது முக்கால் பங்கு தோற்றுவிட்டேன். கால் பங்கு இன்னும் தோற்கவில்லை, அதை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். சாஸ்திரியார் சாதியை விடவில்லை, சத்தியம். ஆனால் அவர் எடுத்த வடிவம் அவர் சொன்னபடி கேட்கவில்லை. குறவஞ்சி என்றால் குறத்தி வந்துதான் ஆக வேண்டும். அரண்மனைக்காரி கையை நீட்டித்தான் ஆக வேண்டும், குறத்தி அதைத் தொட்டுத்தான் குறி சொல்ல வேண்டும். சீயோன் குமாரத்தியின் கையை மலையிலிருந்து வந்தவளின் கையில் கொடுத்துவிட்டார். தன் சாதிக்கு வெளியே ஒரு பாத்திரத்தைத் தொட மாட்டேன் என்றவர் தன் காவியத்தின் நடுவில் இந்தத் தொடுதலை வைத்திருக்கிறார். தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, வைத்துவிட்டார். 200 வருஷம் கழித்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து அந்தக் கதவைத் தட்டுகிறாள். இதற்காகவே அந்தப் பாட்டை நான் விட மாட்டேன்.

மறுநாள் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவளுடைய தாத்தா திண்ணையில் இருந்தார், எழுபத்தைந்தாவது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நீங்கள் உட்காருங்கள் அண்ணாச்சி என்றேன். அவர் முகம் மாறியதை என்னால் எழுத முடியவில்லை. பேத்தி குறத்தியாக நடந்து வரும்போது நீங்கள் அடிக்க முடியுமா என்று கேட்டேன். “கோயில்லயா?” என்றார். கோயில்லதான் என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வந்தார். பறையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். காய்ந்த பனையோலையைக் கொளுத்தி, அந்தச் சின்னத் தீயில் தோலை வாட்டினார். கருகிவிடக் கூடாது, ஈரமும் இருக்கக் கூடாது. வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் காட்டி, நடுவில் சுண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். இன்னும் கொஞ்சம் வாட்டினார். மூன்றாவது தட்டில் ‘டண்’ என்று ஒரு ஒலி வந்தது, தலையை ஆட்டிக்கொண்டார். ஆர்மோனியம் தாத்தா சுருதி சேர்க்கும்போது இப்படித்தான் தலையை ஆட்டுவார்.

அடித்தார். மெதுவாகத்தான். பேத்தி கூடையை இடுப்பில் வைத்து நடந்தாள். சாஸ்திரியாரின் சிந்து அந்த அடியில் போய் உட்கார்ந்தது. நான் சொல்லிக் கொடுத்த தாளத்தில் அது இத்தனை நாளாக நொண்டியிருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் தங்களை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் மட்டும் கடைசிவரை கோயில் படியிலேயே உட்கார்ந்து அடித்தார். உள்ளே வரச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டேன். இங்கேயே இருக்கட்டும் டீச்சர் என்றார்.

ஞாயிறு மாலை கமிட்டியில் பேச்சு வந்துவிட்டது. பெரியவர் ஒருவர், உனக்குத் தெரிந்தவர்தான், பெயர் வேண்டாம், “அது சாவுக்கு அடிக்கிறது, பண்டிகைக்கு ஆகாது” என்றார். கிறிஸ்மஸ் பஜனைக்கு டிரம் வாங்க 18,000 ரூபாய் கொடுத்ததும் அதே கமிட்டிதான். ஐயர், ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்று நாளாகிறது. அவர் நல்லவர், பயப்படுகிறார். பிஷப் வில்சன் காலத்தில் போன குடும்பங்களைப் போல இப்போதும் சிலர் போவார்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது.

நான் முடிவு செய்துவிட்டேன். பறை உள்ளே வரவில்லை என்றால் குறவஞ்சியைக் கோயிலுக்கு வெளியே, அசனத்துக்கு அடுப்பு மூட்டும் அந்த வேப்பமரத்தடியில் போடுவேன். சாஸ்திரியாரின் பாட்டும் அண்ணாச்சியின் அடியும் சேர்ந்துதான் போகும். ஒன்று மட்டும் கிடையாது.

இதற்கு நீ வர வேண்டும். சும்மா பார்க்க இல்லை. சிங்கன் வேஷத்துக்குப் பையன் கிடைத்துவிட்டான், ஆனால் அந்தப் பாட்டின் இரண்டாம் கண்ணியின் மெட்டு எனக்கு மறந்துபோயிற்று, உனக்குத்தான் தெரியும். அப்பாவு அண்ணனிடம் படித்த யாராவது உன்னோடு தொடர்பில் இருந்தால் அவர்களையும் கேள். கமிட்டியில் நம் பக்கம் பேச, ஐயருக்குத் தைரியம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நீ பேசினால் அந்தப் பெரியவர் வாயைத் திறக்க மாட்டார், அன்றைக்குக் கிணற்றடியில் நடந்ததை அவர் மறந்திருக்க மாட்டார்.

நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடு, பண்டிகைக்கு நான்கு நாள் முன்னாலேயே வா. உன் ஜால்ராவை மறக்காதே, பித்தளை, கறுப்புக் கயிறு போட்டது. இங்கே இருப்பது எல்லாம் சத்தம் கம்மி. அப்புறம் குறத்திக்குப் பாசிமணி வேண்டும், சிவப்பும் பச்சையும். அங்கே கடைத்தெருவில் கிடைத்தால் நான்கு சரம் வாங்கிக்கொண்டு வா. காசு இங்கே தருகிறேன்.

உன்,
மேரி