ரோசினியோட ரயில் வெறும் தமாஷ் இல்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல மெஷின்களும் இசையும் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், ஹோனெகர்ங்கிற இசையமைப்பாளர் நீராவி இன்ஜினை வச்சு எழுதின 'பசிபிக் 231' பத்தி அவ்வளவு ஆசையா எழுதினவர், இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் ரோசினி பியானோவுக்கு எழுதின 'குட்டி உல்லாச ரயில்'ங்கிற இசையை மட்டும் தமாஷ்னு ஒரே வரியில தள்ளிட்டுப் போயிட்டாரு, எனக்கு மனசே ஆறல.

ரோசினிக்கு ரயில்னாலே பயம் சார். 1836ல பெல்ஜியத்துல ஏறிப் பாத்தாரு, அதோட போதும்னு ஆயிடுச்சு. 1855ல உடம்பு முடியாம ஃப்ளோரன்ஸ்ல இருந்து பாரிஸ் போறப்பவும் ரயில் வேண்டவே வேண்டாம்னு குதிரை வண்டியிலயே கிட்டத்தட்ட ஒரு மாசம் போயிருக்காரு! அங்க உடம்பு தேறினப்புறம் 'முதுமையின் பாவங்கள்'னு பேர் வச்சு எழுதிக் குவிச்சதுல ஒண்ணுதான் இது.

பியானோ வாசிக்கிற நோட்ஸ்லயே அங்கங்க குறிப்பு எழுதியிருக்காரு. மணி அடிக்குது, ஜனங்க ஏறுறாங்க, இன்ஜின் கிளம்புது, சாத்தானோட விசில், அப்புறம் பிரேக்கோட இனிமையான மெலடியாம், ஸ்டேஷன் வந்ததும் பாரிஸ் மைனருங்க பொண்ணுங்களுக்கு கை குடுத்து இறக்கி விடுறாங்க, திரும்ப வண்டி ஓடுது, ஓடிட்டு இருக்கும்போதே தடம் புரண்டுடுது. ரெண்டு பேருக்கு அடி. செத்தவங்கள்ல ஒருத்தர் சொர்க்கத்துக்குப் போறாரு, ஸ்வரம் அப்படியே மேல ஏறுது, இன்னொருத்தர் நரகத்துக்கு, சரசரன்னு கீழ இறங்குது. ஒப்பாரி, ஆமென் எல்லாம் முடிஞ்சு 'வாரிசுகளின் கடும் துக்கம்'னு எழுதிட்டு அதுக்குக் கீழ துள்ளல் டான்ஸ் மெட்டு போட்டிருக்காரு பாருங்க, எனக்கு அந்த இடத்துல சிரிப்பும் வரும், அடிவயித்துல என்னமோ பண்ணும்.

அந்த பயம் சும்மா கற்பனையும் இல்ல. 1842 மே 8 அன்னிக்கு வெர்சாய்ல இருந்து பாரிஸ் திரும்பின ரயில் தடம் புரண்டு தீப்பிடிச்சு 50 பேருக்கு மேல செத்தாங்க, பெட்டிக் கதவெல்லாம் வெளியில பூட்டியிருந்ததால இறங்கி ஓடக்கூட வழியில்ல. இதெல்லாம் தெரிஞ்ச காலத்து ஆளுங்க முன்னாடிதான் இந்த ரயில் ஓடுது.

அதனால வாசிக்கிறவங்க தயவுசெஞ்சு அந்த குறிப்புகளை சத்தமா படிச்சுக்கிட்டே வாசிக்கணும். அது இல்லன்னா வாரிசுங்க வர்ற இடம் ஏதோ நல்ல டான்ஸ் மாதிரி போயிடும், கேக்குறவங்களுக்கு ஒண்ணுமே புரியாது. உங்க இதழ்லயும் அந்த வரிகளை முழுசா தமிழ்ல ஒரு பக்கம் போடுங்க சார், பியானோ கத்துக்கிற பிள்ளைங்க வெட்டி எடுத்து நோட்ஸ் பக்கத்துல வச்சுக்குவாங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்