ஓய்வுபெற்றோர் சங்கம், தூத்துக்குடி: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர் அண்ணாச்சிமாரே, வணக்கம்.

கொடியேற்றம், ஆயுத பூஜை, கண் பரிசோதனை முகாம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. காலமான உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

மார்ச்சில் நம் அனல்மின் நிலையத்தில் தீப்பிடித்த ராத்திரி, வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் விடாமல் எல்லோரும் விழித்திருந்தார்கள். அந்த அக்கறையில் கால்வாசி மாதக் கூட்டத்துக்கு வந்தால் போதும். கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை (கோரம்) இல்லாமல் மூன்று கூட்டங்களைத் தள்ளிவைத்தோம்.

இனி, நம் நிலையத்தின் பழைய பொருட்களையும் குறிப்பு நோட்டுகளையும் சேர்த்து வைக்கும் காட்சி அலமாரி விஷயம். ‘செயலாளர் பழைய இரும்புக் கடை போடுகிறார்’ என்று செயற்குழுவிலேயே பேச்சு வந்ததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. முதலாவது ஓடத் தொடங்கியது 1979இல். இம்மாதிரி நிலையத்துக்கு 25 ஆண்டு ஆயுள் என்று கணக்குப் போடுவார்கள். நாம் ஓட்டிய ஓட்டில் 45 தாண்டிவிட்டது. 2030 வரை பழைய அனல் நிலையங்களை மூட வேண்டாம் என்று மத்திய மின்சார ஆணையம் 2023இல் சொன்னதைச் சிலர் எனக்கு அனுப்பினார்கள். சரி, நான் அதை வாய்தா என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். பகலில் சூரிய மின்சாரம் வந்ததும் லோடை, அதாவது நம் மின் உற்பத்தியை, இறக்கு, சாயங்காலம் ஏற்று என்றால் பழைய பாய்லர் எவ்வளவு தாங்கும் என்று பாய்லர் குழாய் ஒழுகும் டியூப் லீக்கைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே உடன்குடியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு எழும்பிக்கொண்டிருக்கின்றன.

எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் 31 அன்று நின்றது. சோவியத் உதவியோடு 1962இல் ஓடத் தொடங்கிய நெய்வேலி முதல் நிலையம் 2020இல் நின்றது. மூடிய இடத்துக்கு முதலில் வருகிறவர் ஏலக்காரர். அவர் இரும்பை எடை போடுவார், நம் நோட்டுப் புத்தகங்களை என்ன செய்வார்?

அதனால்தான் உங்கள் வீட்டுப் பரணில் கிடப்பதைக் கேட்டேன். கண்ணாடி கீறிய பிரஷர் கேஜ் ஒன்று, வார் அறுந்த ஹெல்மெட் ஒன்று வந்தன. ஓர் உறுப்பினரின் சொந்தக் குறிப்பு நோட்டு, 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து ஒட்டிப்போய் வந்தது. ஃபேனுக்கு அடியில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தோம். ‘02.40. சி மில் சோக். கரி ஈரம். ஆயில் கன் போட்டு லோடு பிடித்தோம்’ என்று நீல மையில் ஒரு வரி. ஈரக் கரி அரவை மில்லை அடைக்க, எண்ணெய் எரித்து உற்பத்தியைக் காப்பாற்றிய கதை அது. ஒடிசாவிலிருந்து கப்பலேறி வரும் கரி மழைக்காலத்தில் நம்மைப் படுத்திய பாடு அதில் இருக்கிறது. இதையா இரும்புக் கடை என்பது?

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, இருப்பு திருப்திகரமாக இல்லை. ஆடிட்டர் கேட்ட இரண்டு ரசீதுகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அலமாரிக்குப் பெரும்பகுதி நன்கொடைதான், பொது நிதியிலிருந்து எடுத்தது கொஞ்சமே.

சந்தா பாக்கி வைத்திருப்போர் பாதிக்கு மேல். அகவிலைப்படி உயர்ந்ததா என்று கேட்க மட்டும் விடியுமுன் போன் வருகிறது. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை. பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், மைக் செட் தந்து உதவிய தம்பி அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இளையவர் யாராவது இந்தப் பொறுப்பை ஏற்கலாம். அப்படி யாரும் முன்வராவிட்டால் பொதுக்குழு சொல்கிறபடி நடந்துகொள்கிறேன். யார் வந்தாலும் அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டாக வேண்டும், எலித் தொல்லை இருக்கிறது. பொருளாளர் ரசீது புத்தகத்தோடு வாசல் மேஜையில் இருப்பார். மதியச் சாப்பாட்டு டோக்கனும் அதே மேஜையில்தான்.

இப்படிக்கு,
செயலாளர்