முதல் பந்து போடும் முன்பே பட்டியலைப் பாருங்கள்

லீக் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பேஸ்பாலைப் போலவே, ஆனால் பந்தைக் கையைத் தாழ்த்தி மெதுவாக வீசி ஆடும் உங்கள் ஸ்லோ பிட்ச் சாஃப்ட்பால் லீக்கில் உள்ள ஓர் அணிக்கு நான் ஸ்கோர் எழுதுகிறேன். போன சீசனில் நீங்கள் எங்களுக்குக் கொடுத்த ஒரு வெற்றியைப் பற்றித்தான் இந்த மடல். அது எங்களுக்குச் சேர வேண்டியதில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். வாய் திறக்காமல் இருந்துவிட்டேன்.

அணிக்குப் பத்துப் பேர் வேண்டும், அன்று எதிரணிக்கு ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். தம்பி ஆடுவதைப் பார்க்க வந்திருந்த அக்கா ஒருவரைப் பத்தாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். யாரோ கையுறை கொடுத்தார்கள், யாரோ தொப்பி கொடுத்தார்கள். பேட்டிங் வரிசையை எழுதும் லைன்அப் அட்டையில் அவருடைய சொந்தப் பெயரையே எழுதியிருந்தார்கள், எதையும் மறைக்கவில்லை. ஆட்டத்தின் ஏழு இன்னிங்ஸில் இரண்டாவதில் அவர் பேட்டிங்குக்கு வந்தபோது, லீக்கில் பதிவு செய்த ஆட்டக்காரர்களின் பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். பெயர் இல்லை. எங்கள் கேப்டனிடம் சொன்னேன். "இப்ப வேண்டாம், கையில வச்சுக்குவோம்" என்றார்.

ஐந்தாவது இன்னிங்ஸ் வரை நாங்கள்தான் முன்னால் இருந்தோம். ஆறாவதில் அவர்கள் முந்தினார்கள். ஏழாவதில் எங்கள் கடைசி ஆள் அவுட் ஆனதும் கேப்டன் நேராக அம்பயரிடம் போனார். இரண்டு நாள் கழித்து உங்கள் முடிவு வந்தது: தகுதியில்லாத ஆட்டக்காரர் ஆடியதால் மைதானத்துக் கணக்கு செல்லாது, 7-0 என்று வெற்றி எங்களுக்கு. அந்த அக்கா மூன்று முறை பேட் பிடித்து மூன்று முறையும் அவுட் ஆனவர். அதன் பிறகு அவரை மைதானத்துப் பக்கம் நான் பார்க்கவில்லை.

எங்கள் கேப்டனை நான் குறை சொல்லவில்லை. ஆட்டம் முடிந்து 48 மணி நேரம் வரை தகுதி முறையீடு செய்யலாம் என்று விதி இருக்கிறது. இரண்டாவது இன்னிங்ஸில் தெரிந்ததை ஏழாவது வரை பத்திரப்படுத்தி வைத்தால் லாபம் என்று சொல்லிக்கொடுப்பதே அந்த விதிதான்.

பேட்டிங் வரிசை மாறிப்போனால் சாஃப்ட்பால் என்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தவறான ஆள் பேட் பிடித்து நிற்கும்போதே தெரிந்துவிட்டால், சரியான ஆள் வந்து அதே பால், ஸ்டிரைக் கணக்கோடு, அதாவது அதுவரை எண்ணிய பந்துகளின் கணக்கோடு, தொடர்வார். யாரும் அவுட் இல்லை. அவர் ஆடி முடித்து, அடுத்த பந்து போடும் முன் எதிரணி அப்பீல் செய்தால், உண்மையில் வந்திருக்க வேண்டியவர் அவுட். அடுத்த பந்து போட்டாகிவிட்டதா, நடந்தது நடந்ததுதான். கண்டவுடன் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த உரிமை போய்விடும். இவ்வளவு தெளிவான நியாயம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும்போது, தகுதி விஷயத்தில் மட்டும் நாம் ஏன் அதைக் கைவிட்டோம்?

ஆகவே நான் கேட்பது இது. ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு கேப்டன்களும் பேட் பிடிக்கும் இடமான ஹோம் பிளேட் அருகே அம்பயரைப் பார்க்க வருகிறார்கள் அல்லவா, அப்போதே லைன்அப் அட்டைகளை மாற்றிக்கொண்டு, பதிவுப் பட்டியலோடு ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்துப் போடட்டும். இரண்டு நிமிடம் போதும். ஆட்சேபம் இருந்தால் அங்கேயே சொல்லட்டும். கையெழுத்துப் போட்ட பிறகு அட்டையில் உள்ள பெயரைக் காட்டி முறையீடு கூடாது. இடையில் இறங்கும் மாற்று ஆட்டக்காரருக்கும் இதே முறைதான்: அறிவித்தவுடன் சொல்ல வேண்டும், அல்லது அவருக்கு அடுத்த பந்து போடும் முன். வேறொருவர் பெயரில் ஆடுகிறவருக்கும், தடை விதிக்கப்பட்டும் வந்து ஆடுகிறவருக்கும் இந்தப் பாதுகாப்பு வேண்டாம். அது ஏமாற்று. எப்போது தெரிந்தாலும் நடவடிக்கை எடுங்கள், நான் உங்கள் பக்கம்.

பார்க்க வந்தவரை ஏன் இறக்குகிறார்கள் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். ஒன்பது பேரோடு ஆடலாம், ஆனால் பேட்டிங் வரிசையில் காலியான பத்தாவது இடம் வரும்போதெல்லாம் ஓர் அவுட் என்கிறது நம் விதி. ஓர் அணிக்கு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஏழு இன்னிங்ஸுக்கு மொத்தம் 21. அந்தக் காலி இடம் மூன்று முறை வந்தால் ஒரு முழு இன்னிங்ஸே கைவிட்டுப் போகிறது. பரிசுக் கோப்பைக்குப் பயிற்சி எடுத்து ஆடும் போட்டிகளில் அது சரி. வேலை முடிந்து, பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு ஓடி வருகிறவர்களின் லீக்கில் இதற்கு என்ன தேவை? அந்த அவுட்டை எடுத்துவிடுங்கள்.

அதே விதியின் இன்னொரு முகத்தையும் பார்த்திருக்கிறேன். கணுக்கால் பிசகிய ஒருவர், தன் இடம் வந்தால் அவுட் ஆகிவிடுமே என்று ஒற்றைக் காலில் ஊன்றி பேட் பிடித்து நின்றார். அடிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. அம்பயர் உட்பட எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். காயத்தால் வெளியேறுகிறவரின் இடத்தை அவுட் இல்லாமல் தாண்டிப் போகலாம் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.

வந்தவர்கள் எல்லோரும் வரிசையில் பேட் பிடிக்கட்டும், களத்தில் பத்துப் பேர் மாறி மாறி நிற்கட்டும். தாமதமாக வருகிறவர் கடைசி இடத்தில் சேரட்டும். பல பொழுதுபோக்கு லீக்குகள் இப்படித்தான் ஆடுகின்றன. ஆள் குறைந்த அணிக்கு, எல்லா அணிகளுக்கும் பொதுவான மாற்று ஆட்டக்காரர் பட்டியல் ஒன்று வையுங்கள். அதிலிருந்து வருகிறவர் கடைசியில் பேட் பிடிக்க வேண்டும், பந்து வீசும் பிட்சராகவும், இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட் ஸ்டாப்பாகவும் நிற்கக் கூடாது என்று வைத்தால், வலுவான ஆளைக் கடன் வாங்கி ஜெயிக்கும் பேச்சே எழாது.

நாக் அவுட் சுற்றுக்கு இத்தனை ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி இருக்கட்டும். கணக்கு மட்டும் கையெழுத்துப் போட்ட அட்டைகளிலிருந்து வரட்டும், கேப்டன்களின் ஞாபகத்திலிருந்து வேண்டாம்.

சாஃப்ட்பால் பிறந்த கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1887-ல் சிகாகோவில் ஒரு படகு மன்றத்தில், யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் முடிவைக் கேட்கச் சிலர் கூடியிருந்தார்கள். முடிவு தெரிந்த உற்சாகத்தில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையை எறிய, இன்னொருவர் கம்பால் அதை அடித்தார். அங்கிருந்த ஜார்ஜ் ஹான்காக் கையுறையைப் பந்துபோலக் கட்டி, ஓர் ஆட்டத்தையே தொடங்கி வைத்தார். வேறொரு ஆட்டத்தின் முடிவை அறிய வந்தவர்கள் கையில் பிறந்தது நம் ஆட்டம். அந்த அக்காவும் வேடிக்கை பார்க்க வந்தவர்தான்.

அந்த 7-0-ஐ மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை, சீசன் முடிந்துவிட்டது. புதிய பதிவு தொடங்கும் முன் உங்கள் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன், அன்றைய ஸ்கோர் ஷீட்டோடு. இரண்டாவது இன்னிங்ஸில் அந்தப் பெயருக்கு நேரே நான் பென்சிலால் போட்ட கேள்விக்குறி இன்னும் அதில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் லீக்கின் ஸ்கோரர்களில் ஒருவர்