லண்டனிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வீட்டில் எல்லோரும் நலமா? இங்கே டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை. டூட்டிங் பக்கம் தமிழர் கடைகளில் முருங்கைக்காய்கூடக் கிடைக்கும். விலையை ரூபாயில் கணக்குப் போடாமல் வாங்கப் பழகிவிட்டேன்.

அத்தைக்குப் புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து ஃபைவ் எஃப்யூ என்றாய். லேபில் நாங்கள் மல்லுக்கட்டுவதும் அதனோடுதான். புற்றுச் செல் எது, நல்ல செல் எது என்று அதற்குத் தெரியாது. வேகமாகப் பெருகுகிற எதையும் தாக்கும். வாயிலும் குடலிலும் உள்தோல் அப்படிப் பெருகுவதால்தான் அத்தைக்குப் புண்ணும் பேதியும்.

பாக்டீரியாவிலும் ஈஸ்ட்டிலும் சைட்டோசின் டிஅமினேஸ் என்று ஒரு நொதி, அதாவது ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் புரதம், உண்டு. நம் செல்களில் கிடையாது. பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் ஃப்ளூசைட்டோசினை அது ஃபைவ் எஃப்யூவாக மாற்றிவிடும். நொதியை முதலில் கட்டிக்குள் சேர்த்துவிட்டு அப்புறம் ஃப்ளூசைட்டோசினைக் கொடுத்தால், விஷம் கட்டியிலேயே தயாராகும். சொல்ல சுலபம். வெறும் நொதியை ஊசி போட்டால் உடம்பு அதை அந்நியமாகப் பார்த்து எதிர்க்கும். அதனால் 100 நானோமீட்டர் அளவுள்ள துகளுக்குள் அடைக்கிறோம், தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் துளைகளில் மருந்து போய்வரும், அந்நியப் பொருளை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி நுழையாது. ஆனால் துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரல் பிடித்து வைத்துக்கொள்கிறது! இப்போதைக்கு எங்கள் தலைவலி அதுதான்.

யோசனை புதிதல்ல. நான் பஸ்ஸில் கடந்துபோகும் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் கென்னத் பாக்‌ஷா என்பவர் 1980களிலேயே கட்டியில் போய் ஒட்டும் ஆன்டிபாடியோடு வேறொரு நொதியை இணைத்து அனுப்பும் வழியைச் சொன்னார். நோயாளிகளிடம் சோதித்தபோது உடம்பு அந்த நொதியை எதிர்த்தது. அதே நொதி குளுகார்பிடேஸ் என்ற பெயரில் 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிறுநீரகம் கெட்டு மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்து ரத்தத்தில் தேங்கினால் அதைச் சிதைக்கக் கொடுக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட் பிறந்த அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் குழுவை நடத்தியவர் நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த சுப்பாராவ். இதை இங்கே யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை.

அத்தைக்கு இது உதவுமா என்று கேட்டாய். உதவாது அக்கா, எங்கள் வேலை இன்னும் எலியைத் தாண்டவில்லை. காய்ச்சல் வந்தால் மட்டும் மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதே; இந்த மருந்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்திருக்கும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. பக்கத்து வீட்டுக் கஷாயத்தை டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதே. பணம் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். மாமாவிடம் சொல்.

அன்புடன்,
உன் தம்பி