தைத்துக் கொடுப்பவருக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைந்த விலையில் நீடித்து உழைக்கும் துணிமணி, சாமான்கள் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அவை கிழிந்தால், தேய்ந்தால் யாரிடம் கொண்டுபோவது என்று ஒரு வரிகூட இல்லையே.

தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த பேன்ட்டில் பின்பக்கத் தையலுக்குள் ஒன்றரை இஞ்ச் துணியாவது விட்டிருப்பார், இடுப்பு பெருத்தால் (பெருக்காமலா இருக்கும்!) பிரித்து விட்டுக்கொள்ளலாம். ரெடிமேடில் பெரும்பாலும் விளிம்பை ஒட்ட வெட்டி ஓவர்லாக் (நூல் பிரியாமலிருக்க ஓரத்தில் போடும் தையல்) போட்டுவிடுகிறார்கள், பிடித்துச் சின்னதாக்கலாமே தவிர பெரிதாக்க வழியில்லை. அதனால் விலைச் சீட்டைப் பார்க்கும் முன் உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். ஜிப் போய்விட்டது என்று தூக்கிப்போடும் பையில் பல சமயம் பல்லெல்லாம் சரியாகவே இருக்கும், பிடித்து இழுக்கிற ரன்னர்தான் தளர்ந்திருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும். வெறுமனே ஒட்டிய செருப்பு நம் ஊர் மழைத் தண்ணீரில் வாயைப் பிளந்துவிடும், புதிதாக வாங்கியதுமே சுற்றித் தையல் போட்டுக்கொண்டால் கூடுதலாக உழைக்கும். கத்தி விஷயமும் அப்படித்தான். சாணைக்கல்லில் அவசரமாகத் தேய்த்தால் சூடேறிப் பதம் போய்விடும், கைதேர்ந்தவர் இடையிடையே தண்ணீர் தொட்டுத்தான் பிடிப்பார்.

இந்த வேலைகளைச் செய்பவர்களெல்லாம் உட்கார்ந்திருப்பது நடைபாதையில், மரத்தடியில், மூடிய கடையின் படிக்கட்டில். வடிகால் வேலை, நடைபாதை அகலப்படுத்தல் என்று எது வந்தாலும் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான், வேலை முடிந்த பிறகு பழைய இடம் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவர்களை மட்டும் சொல்லவில்லை, தெருவில் சேவை செய்பவர்களும் அதில் அடக்கம், தள்ளுவண்டியிலோ சைக்கிளிலோ சுற்றி வருபவர்களும்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்க வேண்டும், தெருவோர வியாபார விஷயங்களைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. சரி, பழக்கடையும் இட்லிக்கடையும் யார் கண்ணிலும் படும். ஒரு ஊசியும் நூல்கண்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் கணக்கெடுக்க வருபவர் கண்ணில் பட்டாரா? சென்னையில் செருப்பு தைப்பவர், ஆல்டரேஷன் செய்பவர், குடை ரிப்பேர் செய்பவர், சாணை பிடிப்பவர் என்று எத்தனை பேருக்கு அடையாள அட்டை கொடுத்திருக்கிறார்கள், விற்பனைக் குழுவில் இவர்கள் சார்பில் யாராவது இருக்கிறார்களா என்று உங்கள் நிருபர் மாநகராட்சியிடம் கேட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை.